சாவி யாரிடம் இருக்கிறது? நெரிசல் நேரத்துத் தரவுத்தள இணைப்புப் பிழைகளை அறிகுறியிலிருந்து பிடிப்பது

டிசம்பர் கடைசி வாரத்தில், சென்னையிலும் பெங்களூருவிலும் இருப்பவர்கள் புதுச்சேரிக் கடற்கரைச் சாலைக்கு நடந்துபோகும் தூரத்தில் ஓர் அறை பிடிப்பதற்காக ஏறக்குறைய ஒரே நேரத்தில் கைப்பேசியை எடுக்கிறார்கள். அப்படிப்பட்ட ஒரு மாலை எட்டு மணிக்கு, இலாசுப்பேட்டையில் இருந்துகொண்டு நாங்கள் பராமரித்துவந்த அறை முன்பதிவுத் தளம் ஒன்று நின்றுபோனது. பதிவேட்டில் இருந்த பிழை 1040, ‘டூ மெனி கனெக்‌ஷன்ஸ்’. தரவுத்தள மென்பொருளான மைஎஸ்க்யூஎல்-இன் இயல்பு அளவான 151 இணைப்புகளும் தீர்ந்திருந்தன. நான் அந்த வரம்பை 500 ஆக்கி, தரவுத்தளத்தை மறுதொடக்கமும் செய்தேன். 1040 மறைந்தது. ஆனால் பத்து நிமிடத்துக்குள் தளம் மீண்டும் அசையாமல் நின்று, இம்முறை 504 பிழையை, அதாவது உரிய நேரத்தில் பதில் வரவில்லை என்பதை, காட்டத் தொடங்கியது.

அன்று செய்த தவறுகள் இரண்டு. அந்த வரம்பை ஓடிக்கொண்டிருக்கும் தரவுத்தளத்திலேயே ‘செட் குளோபல்’ கட்டளையால் மாற்றலாம் என்பதால் மறுதொடக்கம் தேவையே இல்லை. அதைச் செய்ததால் யார் இணைப்பைப் பிடித்துக்கொண்டிருந்தார்கள் என்ற தடயம் அழிந்தது. இரண்டாவது தவறு பெரியது. இருபது அறை உள்ள விடுதியில் ‘அறை இல்லை’ என்று வந்தால், மேலாளர் முதலில் பார்ப்பது சாவிப் பலகையை. காலி செய்துவிட்டுச் சாவியைக் கொடுக்காமல் போனவர் உண்டா, ஒரு மணி நேரத்துக்கு எடுத்த அறையில் நாள் முழுக்கத் தூங்குகிறவர் உண்டா என்று பார்த்த பிறகுதான் மாடி கட்டுவதைப் பற்றிப் பேச வேண்டும். நான் எடுத்த எடுப்பிலேயே மாடி கட்டப் போய்விட்டேன்.

கீழே உள்ள வழிமுறை, கண்ணுக்குத் தெரியும் அறிகுறியிலிருந்து காரணத்துக்குப் போகிறது. மைஎஸ்க்யூஎல், போஸ்ட்கிரெஸ் ஆகிய இரண்டு தரவுத்தளங்களுக்கும் பொருந்தும்படி எழுதியிருக்கிறேன்; வேறுபடும் இடங்களில் பெயரைச் சொல்கிறேன்.

எதையும் தொடுவதற்கு முன்

ஐந்து நிமிடம் தடயம் சேகரியுங்கள். மைஎஸ்க்யூஎல் என்றால் ‘ஷோ ஃபுல் பிராசஸ்லிஸ்ட்’, போஸ்ட்கிரெஸ் என்றால் ‘பிஜி ஸ்டாட் ஆக்டிவிட்டி’ காட்சியின் முழு விவரம். இதைப் பத்து வினாடி இடைவெளியில் மூன்று முறை எடுத்துக் கோப்பில் சேமிக்க வேண்டும். ஒரே ஒரு முறை எடுத்தால் கூட்டம் இருப்பது மட்டும் தெரியும். மூன்று முறை எடுத்தால் எது நகர்கிறது, எது அசையாமல் நிற்கிறது என்பது தெரியும். அதோடு, செயலி ஓடும் கணினியில் ‘எஸ்எஸ் -எஸ்’ கட்டளையின் சுருக்கத்தையும், தரவுத்தளக் கணினியின் கெர்னல் (இயங்குதளத்தின் கரு) பதிவேட்டையும் எடுத்து வையுங்கள்.

எல்லா இணைப்பும் நிரம்பியிருக்கும்போது நிர்வாகி உள்ளே போவது எப்படி என்ற கேள்வி எழும். மைஎஸ்க்யூஎல், வரம்புக்கு மேல் ஓர் இடத்தை நிர்வாக உரிமை உள்ள கணக்குக்காக வைத்திருக்கிறது. போஸ்ட்கிரெஸ், தன் இயல்பு அளவான 100 இணைப்புகளுக்குள்ளேயே மூன்றை சூப்பர்யூசருக்காக ஒதுக்கியிருக்கிறது. செயலியே ரூட் கணக்கில் இணைந்திருந்தால் இந்த ஒதுக்கீட்டையும் அதுவே தின்றுவிடும். இது நம் பக்கத்தில் சிறிய தளங்களில் அடிக்கடி கண்ணில் படுவது. கணக்கைப் பிரிக்க அரை மணி நேரம் போதும், நெருக்கடி இல்லாத நாளில் செய்துவிடுங்கள். மைஎஸ்க்யூஎல் 8.0.14 முதல் நிர்வாகத்துக்கென்று தனி முகவரியும் 33062 என்ற தனி போர்ட்டும் (கணினியின் வாசல் எண்) அமைத்துக்கொள்ளும் வசதி இருக்கிறது. அந்த வழியாக வருகிற நிர்வாகியை இணைப்பு வரம்பு தடுக்காது.

இன்னொன்று. பிழையின் வாசகத்தைப் படிப்பதற்கு முன்னால் அது வருவதற்கு எவ்வளவு நேரம் ஆனது என்பதைக் கவனியுங்கள். உடனே வந்த பிழையும் முப்பது வினாடி கழித்து வந்த பிழையும் வெவ்வேறு வீட்டுப் பிள்ளைகள்.

அறிகுறி: பிழை உடனே வருகிறது, ‘கனெக்‌ஷன் ரெஃப்யூஸ்டு’

லினக்ஸில் இதன் எண் 111. எதிர்முனைக் கணினி உயிரோடு இருக்கிறது, ஆனால் 3306 அல்லது 5432 போர்ட்டில் கேட்பதற்கு யாரும் இல்லை என்பது பொருள். நெரிசல் நேரத்தில் இதற்கு வழக்கமான காரணம் நினைவகம் தீர்ந்து, கெர்னல் தானாகவே தரவுத்தளத்தைக் கொன்றிருப்பது. கெர்னல் பதிவேட்டில் ‘அவுட் ஆஃப் மெமரி’ என்று தொடங்கும் வரியைத் தேடுங்கள். கொல்லப்பட்ட பிராசஸின் பெயரும் அதிலேயே இருக்கும்.

ஒரே மெய்நிகர்க் கணினியில் பிஎச்பி-யும் மைஎஸ்க்யூஎல்-உம் சேர்ந்து ஓடும் அமைப்பில் இது நடந்தால், தரவுத்தளத்தைக் குறை சொல்வதற்கு முன் பிஎச்பி-எஃப்பிஎம் எழுப்பக்கூடிய வொர்க்கர்களின் (கோரிக்கைகளைக் கையாளும் பிராசஸ்களின்) உச்ச எண்ணிக்கையான ‘மேக்ஸ் சில்ட்ரன்’ எண்ணைப் பாருங்கள். ஒரு வொர்க்கர் 60 எம்பி எடுக்கும் தளத்தில் 100 வொர்க்கர் வைத்தால் 6 ஜிபி அதற்கே போய்விடும். கூட்டம் இல்லாத நாளில் பத்து வொர்க்கர் மட்டும் எழுவதால் கணக்கு சரியாக இருப்பதுபோலத் தெரியும். புத்தாண்டுக்கு முந்தைய மாலையில்தான் நூறும் எழுகின்றன.

அதே கணினியில் யூனிக்ஸ் சாக்கெட் வழியாக இணைகிறீர்கள் என்றால் பிழை எண் 2002 ஆக வரும். அதன் கடைசியில் அடைப்புக்குறிக்குள் வரும் சிறிய எண்ணைப் பாருங்கள். 2 என்றால் சாக்கெட் கோப்பே இல்லை. 111 என்றால் கோப்பு இருக்கிறது, கேட்பவர் இல்லை. 11 என்றால் கேட்பவர் இருக்கிறார், ஆனால் வாசல் வரிசை நிரம்பிவிட்டது. மறுதொடக்கத்தால் இது தீராது, அடுத்த பகுதியைப் படியுங்கள்.

அறிகுறி: இணைப்பு தொங்குகிறது, 1, 3, 7 வினாடிகளில் சில தப்பிக்கின்றன, மற்றவை ‘டைம்டு அவுட்’

இணைப்பு ஏற்படுத்த ஆகும் நேரத்தை மட்டும் தனியே அளந்து பார்த்தால், சில கோரிக்கைகள் ஒரு வினாடிக்குச் சற்று மேலும், சில மூன்று வினாடிக்குச் சற்று மேலும், சில ஏழு வினாடிக்குச் சற்று மேலும் எடுத்திருப்பது தெரியவரும். இந்தப் படிக்கட்டு தற்செயலானதன்று. இணைப்பைத் தொடங்கும் முதல் சின் பாக்கெட்டுக்குப் பதில் வராவிட்டால், 6.5-க்கு முந்தைய லினக்ஸ் கெர்னல் ஒரு வினாடி பொறுத்து மறுபடி அனுப்புகிறது, பிறகு இரண்டு, பிறகு நான்கு என்று இடைவெளியை இரட்டிப்பாக்குகிறது. கூட்டினால் 1, 3, 7. ஆகவே இந்த எண்களைக் கண்டால் பாக்கெட் எங்கோ கீழே போடப்படுகிறது என்று உறுதியாகச் சொல்லலாம்.

போடுவது யார்? எல்லாக் கோரிக்கையும் தோற்றால் ஃபயர்வால் விதி. நெரிசலில் மட்டும், சில கோரிக்கை மட்டும் தோற்றால், தரவுத்தளக் கணினியின் ஏற்பு வரிசை (புதிய இணைப்புகள் காத்திருக்கும் வாசல் வரிசை) நிரம்பி வழிகிறது. ‘என்ஸ்டாட்’ கட்டளையில் ‘லிசன் ஓவர்ஃப்ளோஸ்’ எண் ஏறிக்கொண்டிருந்தால் அது உறுதி. இந்த வரிசையின் உச்ச நீளம் ‘சோமேக்ஸ்கான்’ என்ற கெர்னல் அமைப்பால் கட்டுப்படுகிறது. 2019-இல் வந்த 5.4 கெர்னலில்தான் அதன் இயல்பு அளவு 128-லிருந்து 4096 ஆனது. பழைய கெர்னலில் ஓடும் சர்வர் என்றால் இதை உயர்த்துவது நியாயமான மருந்து. மைஎஸ்க்யூஎல்-இல் ‘பேக் லாக்’ அமைப்பையும் அதோடு பார்த்துக்கொள்ளுங்கள். ஆனாலும் வினாடிக்கு நூற்றுக்கணக்கில் புதிய இணைப்பு ஏன் திறக்கப்படுகிறது என்ற கேள்வியை விட்டுவிடக் கூடாது.

அறிகுறி: ‘டூ மெனி கனெக்‌ஷன்ஸ்’ அல்லது ‘சாரி, டூ மெனி கிளையன்ட்ஸ் ஆல்ரெடி’

முதலில் ஒரு பெருக்கல் போடுங்கள். செயலி சர்வர்கள் எத்தனை, ஒவ்வொன்றிலும் வொர்க்கர் பிராசஸ் எத்தனை, ஒவ்வொரு பிராசஸின் பூல் (மறுபடி பயன்படுத்துவதற்காகத் திறந்து வைத்திருக்கும் இணைப்புகளின் தொகுப்பு) எத்தனை இணைப்பு வரை திறக்கும்? பைத்தானில் எஸ்க்யூஎல்-ஆல்கெமி நூலகத்தைப் பயன்படுத்துகிறவர்கள் பூலின் இயல்பு அளவு ஐந்துதானே என்று நினைப்பார்கள். அதற்கு மேல் பத்து உபரி இணைப்பு உண்டு. நான்கு சர்வர், தலா எட்டு பிராசஸ், பிராசஸுக்குப் பதினைந்து என்றால் 480. எதிரே போஸ்ட்கிரெஸ் 100 உடன் நிற்கிறது, அதிலும் மூன்று நிர்வாகிக்கு. எங்கள் தளத்தில் கணக்கு இன்னும் எளிது: இரண்டு சர்வர், தலா 100 பிஎச்பி வொர்க்கர், மொத்தம் 200. எதிரே 151. கூட்டம் வந்தால் மோதும் என்பது அமைத்த நாளிலேயே எழுதப்பட்ட விதி.

பெருக்கல் முடிந்ததும் சேமித்த பட்டியலைத் திறந்து, இணைப்புகளை நிலை வாரியாக எண்ணுங்கள். மூன்று வகையில் ஒன்று மேலோங்கியிருக்கும்.

பெரும்பாலானவை ‘ஸ்லீப்’ அல்லது ‘ஐடில்’ என்று இருந்து, திறந்த டிரான்ஸாக்‌ஷன் (ஒன்றாக முடியவேண்டிய கட்டளைத் தொகுப்பு) எதுவும் அவற்றிடம் இல்லையென்றால், பூல்கள் தேவைக்கு மேல் பிடித்து வைத்திருக்கின்றன. பூலைச் சிறிதாக்குங்கள். இது பலருக்கு மனம் ஒப்பாத ஆலோசனை. தரவுத்தளத்தின் சிபியு கோர் எண்ணிக்கையை இரண்டால் பெருக்கி, அதோடு வட்டுகளின் எண்ணிக்கையைக் கூட்டிக்கொள்வது போஸ்ட்கிரெஸ் வட்டாரத்தில் நெடுநாளாகப் புழங்கும் தொடக்கக் கணக்கு. எட்டு கோர், ஒரு வட்டு என்றால் பதினேழு. ஒரே நேரத்தில் எட்டு வேலைதான் உண்மையில் ஓடும். மற்றவை வட்டுக்குக் காத்திருக்கும் நேரத்தை நிரப்பத்தான். நூறு பேரை உள்ளே விட்டால் நூறு பேரும் ஒருவரை ஒருவர் இடித்துக்கொண்டு மெதுவாக நகர்வார்கள். போஸ்ட்கிரெஸ் ஒவ்வோர் இணைப்புக்கும் தனிப் பிராசஸ் எழுப்புவதால் நினைவகச் செலவும் தனி.

செயலியின் பூலைக் குறைக்க வழியில்லாத அமைப்பில், பிஎச்பி போல ஒவ்வொரு வொர்க்கரும் தனியே இணையும் இடத்தில், நடுவில் ஒரு தரகர் வேண்டும். போஸ்ட்கிரெஸுக்கு பிஜிபவுன்சர், மைஎஸ்க்யூஎல்-க்கு ப்ராக்ஸிஎஸ்க்யூஎல். பிஜிபவுன்சரை டிரான்ஸாக்‌ஷன் முறையில் வைத்தால்தான் பலன் பெரிது: ஒரு டிரான்ஸாக்‌ஷன் முடிந்த கணமே இணைப்பு அடுத்தவருக்குப் போகிறது. அதற்கு விலை உண்டு. இணைப்பு முழுக்க நீடிக்கும் என்று நம்பி ‘செட்’ கட்டளையால் வைத்த அமைப்பு, இணைப்பளவிலான அட்வைசரி பூட்டு, ‘லிசன்’ ஆகியவை அந்த முறையில் நம்பத்தக்கவை அல்ல. பிரிப்பேர்டு ஸ்டேட்மென்ட்டும் 2023-இல் வந்த 1.21 பதிப்பு வரை அங்கே தகராறுதான். ‘மேக்ஸ் கிளையன்ட் கான்’ என்ற அதன் சொந்த வரம்பு இயல்பில் வெறும் 100 என்பதையும் மறக்காதீர்கள். தரவுத்தளத்தின் வாசலை அகலமாக்க வந்த தரகரே வாசலை அடைத்து நின்றதை ஒரு முறை பார்த்திருக்கிறேன்.

பெரும்பாலானவை வேலை செய்துகொண்டிருந்து, ஒரே வினவல் திரும்பத் திரும்பத் தெரிந்தால், அது இணைப்புப் பிரச்சினையே இல்லை. இண்டெக்ஸ் (தேடலை விரைவாக்கும் குறிப்பட்டவணை) இல்லாத வினவல் ஒன்று வழியை மறித்து நிற்கிறது. ‘எக்ஸ்பிளெயின்’ போட்டுப் பார்த்து இண்டெக்ஸைச் சேருங்கள். அந்த இரவுக்கு மட்டும் உயிர் வேண்டுமானால், அந்த வினவலை எழுப்பும் பக்கத்தை மூடிவையுங்கள்.

மூன்றாவது வகை எங்களுடையது. அதைச் சற்று நெருங்கிப் பார்க்கலாம்.

அறிகுறி: தரவுத்தளத்தின் சிபியு ஓய்வாக இருக்கிறது, ஆனாலும் எல்லோரும் காத்திருக்கிறார்கள்

வரம்பை உயர்த்திய பின் இரண்டாம் முறை தளம் நின்றபோது நல்லவேளையாகப் பட்டியலை எடுத்தேன். 200 இணைப்புகள். சிபியு எட்டு சதவீதத்தில் சும்மா இருந்தது. ஏறத்தாழ 180 இணைப்புகள் ஒரே ‘அப்டேட்’ கட்டளையில், ‘அப்டேட்டிங்’ என்ற நிலையில், நாற்பது வினாடி வரை நின்றுகொண்டிருந்தன. மீதி ‘ஸ்லீப்’. அந்த ‘ஸ்லீப்’ வரிகளைத்தான் கண் தாண்டிப் போகும்; தூங்குகிறவன் யாருக்கு என்ன தீங்கு செய்வான் என்று தோன்றும். அவற்றின் எண்களை, மைஎஸ்க்யூஎல்-இன் சேமிப்பு இயந்திரமான இன்னோடிபி, முடியாத வேலைகளைப் பட்டியலிடும் ‘இன்னோடிபி டிஆர்எக்ஸ்’ அட்டவணையோடு சேர்த்துப் பார்த்தபோது, தூங்கிக்கொண்டிருந்த ஓர் இணைப்பிடம் மூன்று வினாடிக்கு முன் தொடங்கி இன்னும் முடியாத டிரான்ஸாக்‌ஷன் இருந்தது. பத்து வினாடி கழித்து எடுத்த பட்டியலில் வேறொரு இணைப்பு அதே நிலையில். போஸ்ட்கிரெஸில் இதே ஆள் ‘ஐடில் இன் டிரான்ஸாக்‌ஷன்’ என்று பெயரோடே தெரிவார்.

நிரலைத் திறந்தால் கதை விளங்கியது. முன்பதிவு செய்பவர் ‘பணம் செலுத்து’ பொத்தானை அழுத்தியதும் டிரான்ஸாக்‌ஷன் தொடங்குகிறது, டிசம்பர் 31-க்கான அந்த அறை வகையின் காலி எண்ணிக்கை உள்ள வரியைக் குறைத்துப் பூட்டுகிறது, பிறகு கட்டண நிறுவனத்தின் சர்வரைக் கூப்பிட்டு ஆர்டர் எண் வாங்குகிறது, வந்ததும் ‘கமிட்’ செய்து முடிக்கிறது. சாதாரண நாளில் அந்தக் கூப்பிடல் கால் வினாடியில் முடியும். அன்று மூன்று வினாடி ஆனது. மூன்று வினாடியும் அந்த ஒற்றை வரியின் பூட்டு ஒருவர் கையில். நிமிடத்துக்கு இருபது பேருக்கு மேல் அந்த வரியைத் தொட முடியாது. இணைப்பு 151 ஆனாலும் 500 ஆனாலும் அதே இருபதுதான். பின்னால் நின்றவர்களில் சிலருக்கு ஐம்பது வினாடியில் 1205 என்ற பூட்டுக் காத்திருப்புப் பிழை வந்தது, அது இன்னோடிபி-யின் இயல்பு அளவு. மற்றவர்களுக்கு அறுபது வினாடியில் வலை சர்வரான என்ஜின்எக்ஸ் 504 காட்டியது.

இதற்குள் விடுதிக்காரர் ஒருவர் அழைத்துவிட்டார். “தம்பி, பணம் போயிடுச்சு, ரூம் கன்ஃபர்ம் ஆகலன்னு கெஸ்ட் என்கிட்ட சண்டைக்கு வர்றாரு. நான் என்ன சொல்லட்டும்?” அவருக்கு என்னிடம் அப்போது பதில் இல்லை.

திருத்தம் இப்படி அமைந்தது. முதல் டிரான்ஸாக்‌ஷன், காலி எண்ணிக்கை பூஜ்யத்துக்கு மேல் இருந்தால் மட்டும் ஒன்றைக் குறைத்து, பத்து நிமிடக் கெடுவுள்ள தற்காலிகப் பிடிப்பு ஒன்றைத் தனி அட்டவணையில் எழுதி, உடனே முடிந்துவிடுகிறது; இதற்குச் சில மில்லிவினாடி போதும். பிறகு, பூட்டு எதுவும் கையில் இல்லாமல் கட்டண நிறுவனத்தைக் கூப்பிடுகிறோம். பணம் வந்த செய்தி கிடைத்ததும் இரண்டாவது டிரான்ஸாக்‌ஷன் பிடிப்பை முன்பதிவாக மாற்றுகிறது. கெடு தாண்டிய பிடிப்புகளை நிமிடத்துக்கு ஒருமுறை ஓடும் கிரான் பணி திரும்பச் சேர்க்கிறது. இந்த அமைப்பில் புதிதாக ஒரு சிக்கல் பிறக்கும் என்பதை மறைக்க வேண்டியதில்லை: கெடு முடிந்த பிறகு பணம் வந்து சேரலாம். அப்போது அறை இன்னும் காலியாக இருந்தால் கொடுப்பது, இல்லையேல் பணத்தைத் தானாகத் திருப்புவது என்று முன்பே முடிவெடுத்து நிரலில் எழுதியிருக்க வேண்டும். ஒரே கட்டணச் செய்தி இரண்டு முறை வந்தாலும் ஒரே முன்பதிவுதான் உருவாக வேண்டும்.

பாதுகாப்புக்காக, போஸ்ட்கிரெஸில் 9.6 பதிப்பிலிருந்து இருக்கும் ‘ஐடில் இன் டிரான்ஸாக்‌ஷன் செஷன் டைம்அவுட்’ அமைப்பை முப்பது வினாடி போல ஓர் அளவில் வையுங்கள். இயல்பில் அது அணைந்தே இருக்கிறது.

அறிகுறி: பூலில் இணைப்பு கிடைக்காமல் முப்பது வினாடியில் பிழை

ஜாவாவில் ஹிகாரி பூல் ‘கனெக்‌ஷன் இஸ் நாட் அவெய்லபிள்’ என்றும், எஸ்க்யூஎல்-ஆல்கெமி ‘க்யூபூல் லிமிட்’ என்றும் சொல்லும். இரண்டும் இயல்பில் முப்பது வினாடி காத்திருக்கும். இங்கே தரவுத்தளம் மறுக்கவில்லை. செயலியின் சொந்தப் பூலே காலி.

ஜான் லிட்டில் 1961-இல் நிறுவிய வரிசை விதி இங்கே கைகொடுக்கும்: ஒரே நேரத்தில் பயன்பாட்டில் இருக்கும் இணைப்புகள், வினாடிக்கு வரும் கோரிக்கையை ஒவ்வொன்றும் இணைப்பைப் பிடித்திருக்கும் நேரத்தால் பெருக்கிய அளவு. ஹிகாரியின் இயல்பு அளவு பத்து இணைப்பு. கோரிக்கைக்கு 50 மில்லிவினாடி பிடித்தால் வினாடிக்கு 200 பேரைத் தாங்கும். அதே கோரிக்கை இணைப்பைக் கையில் வைத்துக்கொண்டே இரண்டு வினாடி குறுஞ்செய்தி சேவைக்குக் காத்திருந்தால் வினாடிக்கு ஐந்து பேர். பூலைப் பத்திலிருந்து இருபது ஆக்கினால் பத்துப் பேர். காத்திருப்பை வெளியே எடுத்தால் மறுபடி 200. எதைச் செய்வது என்பது இந்தக் கணக்கிலேயே இருக்கிறது.

கோரிக்கைகள் வேகமாக முடிந்தும் பூல் மெல்ல மெல்லக் காலியாகி, கூட்டம் குறைந்த பிறகும் மீளவில்லை என்றால் அது கசிவு. சாவியைக் கொண்டு போனவர்கள். எங்கோ ஒரு பிழைக் கிளையில் இணைப்பை மூடாமல் நிரல் வெளியேறுகிறது. ஹிகாரியில் ‘லீக் டிடெக்‌ஷன் த்ரெஷோல்டு’ அமைப்பைப் பத்து வினாடிக்கு வைத்தால், அதற்கு மேல் இணைப்பைப் பிடித்திருக்கும் நிரலின் வரி எண்ணோடு பதிவேட்டில் எழுதிக் கொடுக்கும். இயல்பில் இதுவும் அணைந்திருக்கிறது. கண்டுபிடித்த இடத்தில் மட்டும் ஒட்டுப்போடாமல், இணைப்பை எடுக்கும் எல்லா இடத்தையும் ஜாவாவின் ‘ட்ரை வித் ரிசோர்சஸ்’, பைத்தானின் ‘வித்’ போன்ற தானாக மூடும் கட்டமைப்புக்குள் கொண்டுவருவதே சரி.

கசிவும் இல்லை, தாமதமும் இல்லை, ஆனாலும் நெரிசலில் எல்லாமே ஒரே கணத்தில் உறைந்துபோய், முப்பது வினாடி கழித்து எல்லாமே ஒன்றாகத் தோற்கின்றன என்றால், ஒரே கோரிக்கை ஓர் இணைப்பைக் கையில் வைத்துக்கொண்டே இரண்டாவதைக் கேட்கிறதா என்று தேடுங்கள். தணிக்கைப் பதிவைத் தனி டிரான்ஸாக்‌ஷனில் எழுதும் நிரல்களில் இது ஒளிந்திருக்கும். பத்து இணைப்பையும் பத்துப் பேர் ஆளுக்கொன்றாக எடுத்துக்கொண்டு, இரண்டாவதுக்காக ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்து நிற்பார்கள். ஒருவருக்கு இரண்டு இணைப்பு தேவைப்படும் பத்து திரெட்டுகளுக்குப் பூலில் குறைந்தது பதினொன்று இருந்தால் எப்போதும் ஒருவராவது முடித்து வெளியேறுவார். இரண்டாவது இணைப்பே தேவைப்படாமல் எழுதுவது அதனினும் நல்லது.

அறிகுறி: வாரம் முழுக்க அமைதி, வெள்ளிக்கிழமை மாலை முதல் சிலருக்கு மட்டும் ‘கான் அவே’

சுற்றுலாத் தளங்களுக்கே உரிய அறிகுறி என்று இதைச் சொல்வேன். பூலில் நெடுநேரம் சும்மா கிடந்த இணைப்பை நடுவில் யாரோ துண்டித்துவிட்டார்கள். பூலுக்கு அது தெரியாது. மைஎஸ்க்யூஎல் தானே துண்டிக்கும் காலம் இயல்பில் 28,800 வினாடி, அதாவது எட்டு மணி நேரம். மேகத்தில் இடையே நிற்கும் லோட் பேலன்சர்கள் (கூட்டத்தைப் பல சர்வர்களுக்குப் பகிர்பவை) அவ்வளவு பொறுமைசாலிகள் அல்ல. அமேசானின் நெட்வொர்க் லோட் பேலன்சரில் இயல்புக் கெடு 350 வினாடிதான். இணைப்பு உயிரோடு இருக்கிறதா என்று பார்க்கும் லினக்ஸின் கீப்அலைவ் சோதனையோ இயல்பில் 7,200 வினாடிக்குப் பிறகே தொடங்கும். ஆகவே இணைப்பின் ஆயுளை இடையில் உள்ள மிகக் குறுகிய கெடுவுக்கும் கீழே வையுங்கள். எஸ்க்யூஎல்-ஆல்கெமியில், எடுக்கும் முன் இணைப்பைச் சோதிக்கும் ‘ப்ரீ பிங்’ வசதியை இயக்குங்கள்.

இதே ‘கான் அவே’ பிழை (எண் 2006), பெரிய படங்களை நேராகத் தரவுத்தளத்தில் ஏற்றும்போதும் வரும். அது ‘மேக்ஸ் அலவ்டு பாக்கெட்’ அளவைத் தாண்டியதன் விளைவு. நெரிசலுக்கும் அதற்கும் தொடர்பில்லை.

அறிகுறி: ‘கேனாட் அசைன் ரிக்வெஸ்டட் அட்ரஸ்’

எண் 99. குற்றவாளி தரவுத்தளம் அன்று, செயலி ஓடும் கணினி. வெளியே போகும் ஒவ்வோர் இணைப்புக்கும் ஒரு தற்காலிக போர்ட் வேண்டும்; லினக்ஸ் இயல்பில் 32768 முதல் 60999 வரை, மொத்தம் 28,232 தருகிறது. மூடிய இணைப்பின் போர்ட் ‘டைம் வெயிட்’ நிலையில் அறுபது வினாடி கிடக்கிறது. வகுத்தால் ஒரே தரவுத்தள முகவரிக்கு வினாடிக்கு ஏறத்தாழ 470 புதிய இணைப்புதான் தொடர்ந்து திறக்க முடியும். கோரிக்கைக்கு ஒரு புதிய இணைப்பு திறந்து மூடும் நிரலில் இது எட்டக்கூடிய எண்தான். பூல் அல்லது தரகர் வைப்பதே தீர்வு.

அறிகுறி: ஒரு சர்வரிலிருந்து மட்டும் ‘ஹோஸ்ட் இஸ் பிளாக்டு’

மைஎஸ்க்யூஎல் பிழை 1129. கைகுலுக்கல் முடியாமல் அறுந்த இணைப்புகள் தொடர்ச்சியாக நூறைத் தாண்டினால் அந்தக் கணினியையே மைஎஸ்க்யூஎல் தடுத்துவிடும். போர்ட் திறந்திருக்கிறதா என்று மட்டும் தட்டிப் பார்த்துவிட்டு ஓடும் ஹெல்த் செக் இதற்கு வழக்கமான காரணம். ‘மைஎஸ்க்யூஎல்-அட்மின் ஃப்ளஷ் ஹோஸ்ட்ஸ்’ தடையை நீக்கும். ஹெல்த் செக்கை முறையாக உள்நுழைந்து போகும்படி மாற்றினால் திரும்ப வராது.

அறிகுறி: தரவுத்தளம் எழுந்ததும் மறுபடி விழுகிறது

2024 நவம்பர் 30 அன்று ஃபெஞ்சல் புயல் புதுச்சேரி அருகே கரையைக் கடந்தது. அறையை ரத்து செய்ய நினைத்தவர்கள், பயணத் தேதியை மாற்ற நினைத்தவர்கள், விடுதிக்காரர்கள் எல்லோரும் ஒரே தளத்துக்குள் வந்தார்கள். தரவுத்தளம் ஒரு முறை விழுந்து எழுந்தது. எழுந்த மூன்று வினாடிக்குள் மறுபடி விழுந்தது. தோற்ற ஒவ்வொரு கோரிக்கையையும் நிரல் இடைவெளியே இல்லாமல் மறுபடி மூன்று முறை முயன்றதால், நூறு பேர் கூட்டம் நானூறு பேர் கூட்டமாக வாசலில் நின்றிருந்தது. அதோடு, விழுந்து எழுந்த தரவுத்தளத்தின் நினைவகத்தில் பழைய பக்கங்கள் இல்லாததால் வழக்கமாக உடனே முடியும் வினவலும் வட்டுக்கு ஓடியது.

மறுமுயற்சியின் இடைவெளியை ஒவ்வொரு முறையும் இரட்டிப்பாக்கி, அதில் தற்செயலான சில நூறு மில்லிவினாடியைக் கலந்துவிட்டால் எல்லோரும் ஒரே கணத்தில் திரும்பி வர மாட்டார்கள். எழுதும் கோரிக்கைகளை, இரண்டு முறை நடந்தாலும் பாதகமில்லை என்று உறுதியான பிறகே மறுபடி முயல வேண்டும். எழுப்பும்போது என்ஜின்எக்ஸ் மட்டத்தில் கோரிக்கைக்கு ஒரு வேகவரம்பு வைத்து, பத்தில் ஒரு பங்கு கூட்டத்தை மட்டும் உள்ளே விட்டு, தரவுத்தளம் சூடேறியதும் மெல்லத் திறப்பதை அன்று இரவு கையால் செய்தோம். இப்போது அது ஒரு சிறு ஸ்கிரிப்டாக இருக்கிறது.

இந்த ஆண்டு டிசம்பர் 31-க்கு எங்கள் பெரிய திரையில் நான்கு எண்கள் மட்டும் ஓடும்: ‘த்ரெட்ஸ் கனெக்டட்’ (திறந்திருக்கும் இணைப்புகள்), ‘த்ரெட்ஸ் ரன்னிங்’ (அவற்றில் வேலை செய்பவை), வரிசையில் காத்திருக்கும் கோரிக்கைகள், திறந்திருக்கும் டிரான்ஸாக்‌ஷன்களில் மிகப் பழையதன் வயது. முதல் மூன்றும் ஏறுவது கூட்டத்தைச் சொல்லும். நான்காவது ஒரு வினாடியைத் தாண்டினால் மணி அடிக்கும்படி வைத்திருக்கிறோம், ஏனென்றால் மற்ற மூன்றும் ஏறுவதற்கு முன்பே அது ஏறிவிடுகிறது.